வாய் அடைத்த பாய்லர்

அத்தியாயம் 14

போன வாரம் குட்டியைக் கண்ணாடி முன்னால் சீப்பும் கையுமாக நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாதகமில்லை. வேலை பார்த்த அச்சகம் மூடிய நாளிலிருந்து அவன் ஏதாவது ஒன்றின் முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

இந்த வாரம் புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டி என்றதும் யாரும் குழந்தையைத் தேட வேண்டாம். நாற்பதைத் தாண்டி, முன்வழுக்கை விழுந்த ஆள். அக்கா வைத்த செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் மனைவி, ஆஸ்பத்திரியில் கத்தி கத்தரிக்கோல்களை நீராவியில் சுத்தம் செய்யும் மெஷின்களைப் பழுது பார்ப்பவள். அங்கே பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ஸ்டீம் மேடம். வீட்டுக்கு வருகிற சம்பளம் இப்போது அவளுடையது மட்டும்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாமல் இருப்பதும் ஒரு வேலைதான், அதற்கு லீவு கிடையாது.

குட்டிக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, பழைய சிநேகிதன் பிடித்துக்கொடுத்த கிடங்கு மேற்பார்வை வேலை. இன்று சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, காப்பிக் கடை.

அவன் அக்கா வீட்டுக்காரர் நடத்திவந்த காப்பிக் கடை அவர் தவறிப் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒரு பழைய எஸ்பிரஸ்ஸோ மெஷின். பட்டன் கிடையாது, பம்பு கிடையாது. லீவரைக் கையால் இழுத்து விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தண்ணீரை அழுத்திக் காப்பியை இறக்கும். அந்த மெஷினை வாங்கி, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துவிடலாம் என்பது குட்டியின் கனவு.

"நீ வந்து பாரு. பாய்லர், வால்வு எல்லாம் உனக்குத்தானே தெரியும். நீ வேணாம்னு சொன்னா நான் கிடங்குக்குப் போயிடறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று போன வாரக் கடைசியில் சொன்னான் அல்லவா? பெருந்தன்மையான பேச்சு. பாரத்தை யார் தலையில் இறக்கி வைத்தான் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஸ்டீம் மேடம் காலையில் ஷிப்ட் முடிந்து வந்தபோது குட்டி இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே இருந்தான்.

"கிளம்பலாமா?"

"செருப்பைக் கழட்டிக்கிறேனே."

"திரும்பவும் போடணுமே, அதுக்காகச் சொன்னேன்."

அவள் கழற்றவில்லை. கண் இமைகளுக்குள் மணல் கொட்டியது போல இருந்தது. ராத்திரி முழுக்க ஒரு மெஷினின் கதவு மூடமாட்டேன் என்று அடம் பிடித்து, விடிகிற நேரத்தில்தான் வழிக்கு வந்தது. இப்போது இன்னொரு மெஷின்.

"கிடங்குக்காரருக்கு என்ன சொன்னீங்க?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கே" என்றான், சீப்பைப் பையில் செருகிக்கொண்டே. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் கவனிக்கிற தெம்பு அவளுக்கும் இல்லை.

அக்கா வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. முன்னால் கடை, நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு வாசல், அந்தப் பக்கம் இரண்டு அறை. கட்டடத்துக்காரர் கடை அறையைத் திருப்பிக் கேட்டுவிட்டதால் எல்லாம் மூட்டை கட்டிய நிலையில் இருந்தது. கோப்பைகள் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தன. நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. மெஷின் மட்டும் பழைய இடத்தில், மேலே ஒரு போர்வையோடு நின்றது.

நாத்தனார் போர்வையை வெடுக்கென்று உருவினாள்.

"பார்த்துக்கோ. இதுதான் என் சக்களத்தி. இத்தனை வருஷம் எனக்குப் போட்டியா இந்த வீட்ல குடித்தனம் பண்ணினவ. கூட்டிட்டுப் போங்க, எனக்கு விட்டுது சனியன்."

"அண்ணி, கொஞ்சம் திறந்து பார்த்துடறேன்."

"திறந்தா? சொந்தத்துக்குள்ள என்னம்மா செக்கிங்? உடைஞ்சதையா உங்க தலையில கட்டப் போறேன்?"

குட்டி பதறினான். "அப்படி இல்லக்கா. இவளுக்கு எந்த மெஷினைப் பார்த்தாலும் கழட்டணும். வீட்ல மிக்சி படாத பாடு படுது."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் சம்மதம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

ஸ்டீம் மேடம் பையைத் திறந்து டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்தாள். முதலில் கண்ணால் பார்த்தாள். நிக்கல் பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது, அது வெறும் அழகு சமாச்சாரம். பக்கத் தகட்டைக் கழற்றினாள். செம்புப் பாய்லர் வயதுக்கு ஏற்ற நிறத்தில், ஒடுக்கு ஏதும் இல்லாமல் இருந்தது. இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்தாள். ஒரே ஒரு இடத்தில், அதுவும் துடைத்தால் போகிற அளவுதான். காப்பிப் பொடிக் கிண்ணம் மாட்டும் இடத்தில் ரப்பர் கேஸ்கெட்டை நகத்தால் அழுத்தினாள். பிஸ்கட் மாதிரி விறைத்துப் போயிருந்தது. மாற்றிவிடலாம்.

குட்டிக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. லீவரைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தான்.

"விட்டுடாதீங்க!"

விட்டுவிட்டான். உள்ளே எதிர்த்து நிற்கக் காப்பியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஸ்பிரிங் தன் முழுக் கோபத்தையும் காட்டியது. லீவர் விர்ரென்று மேலே பறந்து அவன் மோவாயை ஒரு விரல்கடை தூரத்தில் தாண்டிப் போய் நின்றது.

"பல்லு தப்பிச்சுது" என்றாள் நாத்தனார். "உங்க அத்தானையும் ஒருதரம் தாடையிலேயே போட்டிருக்கா. அடிச்சாலும் அவதான் உசத்தி."

குட்டி மோவாயைத் தடவிக்கொண்டான். ஆனால் அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. அந்த ஸ்பிரிங்கின் பலம் அவன் கைக்குள் ஏறிவிட்டது. "நல்ல ஸ்பிரிங், இல்ல?" என்று மனைவியைக் கேட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் குரலில் உயிர் இருந்தது. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, கோப்பைகள் அடுக்குகிற மேல் தட்டைத் தூக்கினாள். பாய்லரின் தலைமேல் வெளிச்சத்தை அடித்தாள்.

அங்கே சேஃப்டி வால்வு இருக்க வேண்டும். பாய்லருக்குள் நீராவி அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே விடுகிற வால்வு. அது இல்லை. அது இருக்க வேண்டிய துளையில் ஒரு பித்தளை மூடி திருகியிருந்தது.

அவளுடைய தூக்கம் அத்தனையும் பறந்துவிட்டது. பாய்லரின் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள். நீராவிக்குப் போக வழியே இல்லை. ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றைப் பார்த்தால் மெஷினுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிடக்கிறது. இத்தனை வருஷம் நாத்தனார் அதில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

ஆனால் இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. மூடியைக் கழற்றி ஒரு வால்வைப் போட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை. மற்றபடி மெஷின் தங்கம்.

இரண்டும் தெரிந்தது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான். ஸ்டூல் மேல் நின்றபடி அவள் யோசித்தாள். கிடங்கு வேலை என்றால் மாதாமாதம் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு பேர். காப்பிக் கடை என்றால் இன்னும் எத்தனை காலமோ ராத்திரி ஷிப்ட், பகலில் அவன் முகத்தைப் பார்த்து இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று ஊகிப்பது. கெட்ட எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை. அவளுக்குப் படுத்துத் தூங்க வேண்டும். கவலைப்படாமல், ஒரே ஒரு மாதமாவது.

"என்ன?" என்றான் குட்டி கீழேயிருந்து.

"வேணாங்க" என்றாள். "பாய்லர் ஆபத்தா இருக்கு."

பொய் இல்லை. பாதிதான் சொன்னாள், அவ்வளவுதான்.

குட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கைக்குட்டையை எடுத்து, லீவரில் தன் கை பட்ட இடத்தை மெதுவாகத் துடைத்தான். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

நாத்தனாருக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆபத்தா? என்ன ஆபத்து? ஒரு மனுஷன் ஆயுசு பூரா இது பக்கத்துலயே நின்னாரே, அவருக்கு என்ன ஆச்சு? இதை விட்டு அஞ்சு நிமிஷம் நகர மாட்டார். சூடேத்திட்டா அவ்வளவுதான், கல்யாணம் கிடையாது, காரியம் கிடையாது. எனக்குக் காய்ச்சல் அனலா அடிச்சப்போ கூப்பிட்டேன். அந்த வாசப்படி வரைக்கும் வந்தார். அங்கேயே நின்னுக்கிட்டு 'என்ன வேணும்'ங்கறார். என்னைப் பார்த்துக் கேட்கலை. இவளைப் பார்த்துக்கிட்டே கேட்கறார். அன்னிக்கு விட்டுப் போச்சு எனக்கு. இவரோட இனிமே பேச்சு என்னன்னு."

ஸ்டீம் மேடம் ஸ்டூலிலிருந்து இறங்காமல் திரும்பிப் பார்த்தாள். அந்த வாசலிலிருந்து மெஷினின் முகப்பு தெரியும். முகப்பில் இருக்கிற பிரஷர் மீட்டர் நேராகத் தெரியும்.

"அண்ணி, அண்ணன் இந்த மீட்டரைப் பார்த்துட்டே நிப்பாரா?"

"வேற எதைப் பார்த்தார்? முள்ளையே முறைச்சுக்கிட்டு நிப்பார்."

"சுவிட்சை அடிக்கடி போட்டுப் போட்டு அணைப்பாரா?"

"டக்கு டக்குன்னு நாள் பூரா. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

"இது முன்னாடி வேற சத்தம் ஏதாவது போடுமா? உஸ்ஸுன்னு?"

நாத்தனார் யோசித்தாள். "போடும். கல்யாணமான புதுசுல. திடீர் திடீர்னு சீறும், உயிரே போயிடும். எனக்கு ஒத்தைத் தலைவலி வேற. ஒருநாள் தாங்க முடியாம, இந்தச் சத்தம் இருக்கற வீட்ல நான் இருக்க மாட்டேன், அம்மா வீட்டுக்குப் போறேன்னு துணியை எடுத்து வச்சுட்டேன். மறுநாள்ல இருந்து சத்தம் நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ணிட்டேன்னார்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்திருந்தால் சாயங்காலம் கிடங்குக்குப் போன், ராத்திரி நல்ல தூக்கம். ஆனால் அந்த மனிதரை வாசப்படியில் அப்படியே நிற்கவைத்துவிட்டுப் போக ஸ்டீம் மேடத்துக்கு மனசு வரவில்லை.

"ரிப்பேர் பண்ணலை அண்ணி. அடைச்சுட்டார்."

"என்னத்தை?"

"சூடு ஜாஸ்தியானா தானா அணையணும்ல, அந்த சுவிட்ச் கோளாறு. அதனால நீராவி ஏறி வால்வு திறந்திருக்கு. அதுதான் அந்தச் சீறல். உங்களுக்குச் சத்தம் கேட்கக் கூடாதுன்னு வால்வையே எடுத்துட்டு மூடி போட்டுட்டார். அதுக்கப்புறம் இது வெடிக்காம இருக்கணும்னா ஒருத்தர் மீட்டரைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். முள்ளு ஏறினா அணைக்கணும், இறங்கினா போடணும். நகரவே முடியாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்க."

நாத்தனார் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"சுவிட்சை மாத்தியிருக்கலாமே" என்றான் குட்டி மெதுவாக.

"மாத்தணும்னா கடையை மூடிப் போடணும்" என்றாள் நாத்தனார். "அப்போ ஒருநாள் கடை இல்லைன்னா மறுநாள் அடுப்பு இல்லை. அப்புறம் பழகிப்போச்சு போல." சட்டென்று அவளுக்குக் கோபம் வந்தது. "சொல்லியிருக்கலாம்ல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தார்? உனக்காகத்தாண்டி நிக்கறேன்னு ஒரு வார்த்தை. நான் அந்தச் சத்தத்தைச் சகிச்சிருப்பேனே. பைத்தியக்கார மனுஷன். சண்டாளர்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குட்டி அக்காவின் தோளில் கை வைக்கப் போனான். ஸ்டீம் மேடம் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பழைய வால்வு அதிகம் தேட வைக்கவில்லை. கல்லாவுக்குக் கீழே உதிரிபாகம் போட்டுவைக்கும் டப்பாவில், எண்ணெய்த் துணி சுற்றி, துரு பிடிக்காமல் இருந்தது. ஒரு ஸ்பூனைக்கூட நேராக வைக்கிற மனிதர் அவர். என்றைக்காவது திருப்பிப் போடலாம் என்று வைத்திருந்தாரோ என்னவோ.

ஆஸ்பத்திரி என்றால் புது வால்வுதான் போடுவாள். இன்றைக்கு இதைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மூடியைக் கழற்றினாள். வால்வின் ஸ்பிரிங் அசைகிறதா என்று அழுத்திப் பார்த்துத் திருகினாள். தண்ணீர் நிரப்பி, எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். இரண்டு பேரையும் உள் அறைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வாசலில் நின்றாள். அவர் நின்ற அதே இடம். மெயின் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அதையும் அவர்தான் அங்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும்.

நேரம் போனது. பாய்லர் முனகியது, அப்புறம் மௌனமானது. முள் மெதுவாக ஏறியது. நின்று நின்று அவளுக்குக் கால் வலித்தது. இப்படி ஒரு ஆயுசு முழுக்க நின்றிருக்கிறார் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அசதியில் வந்ததா, அவருக்காக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வால்வு திறந்தது. உஸ்ஸென்ற சீறல் கடை முழுக்க நிறைந்தது. காலிக் கோப்பைகள் பெட்டிக்குள் கிடுகிடுத்தன.

அவள் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அணைக்காதே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாத்தனார் எழுந்து வந்திருந்தாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. "இனிமே வெடிக்காதுல்ல?"

"வெடிக்காது அண்ணி. வழி இருக்கு."

"அப்போ கொஞ்ச நேரம் கத்தட்டும்."

கத்தியது. அது ஓய்ந்து, நீராவி கலைந்த பிறகு நாத்தனார் தம்பியைப் பார்த்தாள்.

"குட்டி, மெஷினை நான் தரலைடா."

"அக்கா..."

"எங்க வைப்பேன், என்ன பண்ணுவேன்னு கேட்காதே. தெரியாது. ஆனா தரலை. கோவிச்சுக்காதே."

"சரிக்கா" என்றான் குட்டி. அவன் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கி மனைவியின் பையில் ஒவ்வொன்றாகப் போட்டான். மெஷின் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில், நடுவில் பையை வைத்து உட்கார்ந்தார்கள்.

"இன்னும் சாயங்காலம் ஆகலை" என்றாள் அவள். "கிடங்குக்காரருக்கு ஒரு போன் போட்டுடுங்க."

"சொல்லிட்டேன்."

"எப்போ?"

"காலையிலேயே. நீ டியூட்டி முடிஞ்சு வர்றதுக்கு முன்னாடி." அவன் தெருவையே பார்த்துக்கொண்டு பேசினான். "வேணாம்னு சொல்லிட்டேன். மெஷின் நல்லா இருக்குன்னுதான் நீ சொல்லுவேன்னு நம்பினேன்."

எரிந்து விழுந்திருப்பாள். அதற்கான சொற்களெல்லாம் தயாராகவே இருந்தன. ஆனால் அவற்றைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

"நல்லாதான் இருந்துச்சு" என்றாள். "மூடியைப் பார்த்தப்பவே தெரியும், சரிபண்ணிடலாம்னு. நீங்க வேலைக்குப் போகணும்னு ஆபத்துன்னு மட்டும் சொன்னேன். எனக்கு அலுத்துப் போச்சுங்க. என்னால முடியலை."

குட்டி முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். கோபமா, அடிபட்ட முகமா என்று அவளால் படிக்க முடியவில்லை. ஏதோ சொல்ல வந்தான். பஸ் வந்துவிட்டது.

கூட்டம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன் வாசலில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் அவனுக்கும் பக்கத்தில் இடம் போட்டு வைத்தாள். பையைத் துழாவிச் சில்லறை எடுத்து, பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் நகர்ந்தபோதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குட்டி ஏறவில்லை. அக்கா வீட்டுப் பக்கமும் அவன் திரும்பவில்லை. இஸ்திரி கலையாத சட்டையோடு, ரயில் நிலையம் இருக்கிற திசையில், கையை வீசாமல் நடந்துகொண்டிருந்தான்.